குழந்தைகளும் கொரோனா நிமோனியாவும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் மொழி. இச்செல்வத்தின் அருமையை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் உணர்ந்த ஆண்டு 2020 ஆகும். சீன நாட்டின் ஊகான் நகரில் 2019 டிசம்பரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கொரோனாக் கிருமி, சில மாதங்களில் ஏறத்தாழ எல்லாக் கண்டங்களையும் எட்டியது. 2020 மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இதனை உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன, விளையாட்டு மைதானங்கள் வெறிச்சோடின.

அந்நாளில் குழந்தைகளைப் பற்றி இரு வேறு பேச்சுகள் எழுந்தன. "இந்நோய் முதியோரைத்தான் தாக்கும், குழந்தைகளை ஒன்றும் செய்யாது" என்றனர் சிலர். "குழந்தைகள் எல்லாரும் பேராபத்தில் இருக்கிறார்கள்" என்று அஞ்சினர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் சாதாரணச் சளிக் காய்ச்சல்போல் வந்து போயிற்று. ஆயினும் ஒரு சிறு தொகையினரை மட்டும் அது கடுமையான நிமோனியாவில் தள்ளியது. அந்தச் சிலர் யார்? அவர்களை முன்கூட்டியே அறிந்து காக்க முடியுமா? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் கிருமி மறைந்துவிடவில்லை. பிற சளிக் காய்ச்சல்களோடு அதுவும் நம்மிடையே இருந்து வருகிறது. ஆகவே இப்பாடம் பழங்கதை அன்று. இன்றும் ஒவ்வொரு வீட்டிற்கும் பயன்படுவதாகும்.

கிருமியும் நுரையீரலும்

'கொரோனா' என்னும் லத்தீன் சொல்லுக்குக் கிரீடம் என்பது பொருள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது இக்கிருமியைச் சுற்றிலும் முள் போன்ற உறுப்புகள் ஒளிவட்டம்போல் தெரிந்தமையால், 1968-இல் அறிவியலார் இக்குடும்பத்துக்கு இப்பெயரைச் சூட்டினர். ஸ்காட்லாந்து நாட்டுப் பெண்மணியான ஜூன் அல்மெய்டா என்பவர் அவர்களுள் ஒருவர். இக்குடும்பத்தைச் சேர்ந்த நான்கு கிருமிகள் சாதாரண ஜலதோஷத்தையே உண்டாக்குபவை. 2019-இல் தோன்றிய புதிய கிருமிக்குச் 'சார்ஸ்-கோவி-2' என்றும், அதனால் வரும் நோய்க்குக் 'கோவிட்-19' என்றும் பெயரிட்டனர்.

நமது நுரையீரலில், திராட்சைக் குலைபோல், கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. நாம் இழுக்கும் காற்றிலுள்ள பிராணவாயு, இவ்வறைகளின் மெல்லிய சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. கிருமி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிட்டால் சளி, இருமல், காய்ச்சலோடு நோய் தீர்ந்துவிடும். கீழே இறங்கிக் காற்றறைகளைத் தாக்கினால் அவை வீங்கி நீரால் நிறைந்துவிடுகின்றன. அப்போது மூச்சு இழுத்தாலும் பிராணவாயு இரத்தத்தில் போதுமான அளவு சேருவதில்லை. இதுவே நிமோனியா.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் இக்கிருமியை எளிதில் வென்றது ஏன்? குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள தற்காப்புச் செல்கள் எப்போதும் விழிப்பாக இருந்து, கிருமி நுழைந்தவுடனேயே எதிர்க்கின்றன என்பது அறிவியலார் தரும் விளக்கங்களுள் ஒன்று. வாசலிலேயே காவலன் விழித்திருந்தால் திருடன் உள்ளறைக்குப் போவது அரிதன்றோ?

ஊகானில் கண்டவை

ஊகான் நகரில் நோய் கண்ட 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்க அந்நாட்டு அரசு ஊகான் குழந்தைகள் மருத்துவமனையை ஒதுக்கியது. 2020 ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி இறுதி வரை அங்கு 1,391 குழந்தைகளைச் சோதித்தனர். அவர்களுள் 171 பேருக்குக் கிருமி இருப்பது உறுதியாயிற்று.

அந்த 171 பேரைப் பற்றிய செய்திகள் வியப்பானவை. நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேருக்கே காய்ச்சல் இருந்தது. அதாவது பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலே இல்லை. 27 குழந்தைகளுக்கு எவ்வித அறிகுறியும் இல்லை. நுரையீரல் படத்திலும் நிமோனியா இல்லை. வேறு 12 குழந்தைகளோ வெளியே நலமாகத் தோன்றினர். ஆனால் படத்தில் நிமோனியாவின் அடையாளம் இருந்தது.

அத்தனை பேரிலும் தீவிர சிகிச்சையும் செயற்கைச் சுவாசமும் தேவைப்பட்டவர்கள் மூவர் மட்டுமே. அம்மூவருக்கும் ஏற்கெனவே வேறொரு உடற்கேடு இருந்தது. ஒரு குழந்தைக்குச் சிறுநீரகத்தில் நீர் தேங்கும் நோய். மற்றொன்று இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெற்றுக்கொண்டிருந்தது. மூன்றாவது, குடலுக்குள் குடல் செருகிக்கொண்ட பத்து மாதக் குழந்தை, அக்குழந்தை இறந்துவிட்டது.

ஒரே கிருமி, ஒரே நகரம், ஒரே மருத்துவமனை. 168 குழந்தைகளுக்கு அந்த அளவு துன்பம் வரவில்லை, மூவருக்கு வந்தது. எனவே நோயின் கடுமையை முடிவு செய்வது கிருமி மட்டுமன்று, கிருமி புகுந்த உடலின் நிலையும்தான் என்பதை இது முதலில் காட்டிற்று.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

மருத்துவர்கள் 'ஆபத்துக் காரணி' என்ற ஒரு சொல்லைப் பயன்படுத்துகின்றனர். இதனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்துக் காரணி என்பது நோயை உண்டாக்குவது அன்று. நோய் வந்தால் அது முற்றுவதற்கான வாய்ப்பை மிகுவிப்பது.

ஒரு தெருவில் ஓட்டு வீடுகளும் ஓலை வேய்ந்த வீடுகளும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். தீப்பொறி ஒன்று பறந்து வந்து ஓட்டின்மேல் விழுந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். காய்ந்த ஓலையின்மேல் விழுந்தால் பற்றிக்கொள்ளும். தீயை மூட்டியது ஓலை அன்று, பொறிதான். ஆயினும் பொறி பறக்கும் காலத்தில் எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்பதை ஓலை நமக்குச் சொல்கிறது. ஆபத்துக் காரணிகளை அறிவதன் பயனும் இதுவே. யாரையும் பயமுறுத்துவதற்காக அன்று. யாரை முதலில் காக்க வேண்டும் என்று அறிவதற்காகவே.

வயது

முதலாவது காரணி வயது. சீனாவில் 2020 தொடக்கத்தில் 2,143 குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் கடுமையான, மிகக் கடுமையான நோய் கண்டவர்கள் ஒரு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 10.6, ஒன்று முதல் ஐந்து வயது வரை 7.3; ஆறு முதல் பத்து வயது வரை 4.2, பதினாறு வயதும் அதற்கு மேலும் 3.0. வயது ஏற ஏறக் கடுமை குறைவதைக் காண்கிறோம். ஆயினும் இக்குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே ஆய்வகச் சோதனையால் நோய் உறுதி செய்யப்பட்டது. மற்றவர்கள் அறிகுறிகளைக் கொண்டு சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுள் சிலருக்கு வேறு கிருமிகள் இருந்திருக்கலாம். எனவே இவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் வழிகாட்டியாகக் கொள்ளுதல் நலம்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐரோப்பாவின் 25 நாடுகளைச் சேர்ந்த 82 மருத்துவ நிலையங்கள் ஒன்றுகூடி, நோய் உறுதியான 582 குழந்தைகளை ஆராய்ந்தன. இவர்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது, நால்வர் இறந்தனர். தீவிர சிகிச்சைக்கு உள்ளாகும் வாய்ப்பை மிகுவித்தவை நான்கு என்று அவ்வாய்வு கூறிற்று: ஒரு மாதத்திற்கும் குறைந்த வயது, ஆண் குழந்தையாயிருத்தல், முன்பே வேறு நோய் உடைமை, மருத்துவமனைக்கு வரும்போதே நுரையீரல் பாதிப்பின் அடையாளங்கள் தோன்றியிருத்தல். ஆக, பச்சிளங்குழந்தை பற்றிச் சீனாவில் கண்டது ஐரோப்பாவிலும் உறுதியாயிற்று.

பச்சிளங்குழந்தைக்கு ஏன் இந்த ஆபத்து? நாம் பௌதிகப் பாடத்தில் படிக்கும் ஓர் உண்மை இதனை விளக்கும். ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே சீராக ஓடும் பொருளுக்கு ஏற்படும் தடை இருமடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகிறது. பெரியவரின் மூச்சுக் குழாய் சற்று வீங்கினால் இருமல் வரும், அவ்வளவே. குழந்தையின் குழாயோ முதலிலேயே குறுகியது. அதே அளவு வீக்கம் அங்கு வழியையே அடைத்துவிடும். மேலும் குழந்தையின் மூச்சுத் தசைகள் விரைவில் களைத்துவிடும், எதிர்ப்பாற்றலும் முதிர்ந்திராது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வாபத்து இன்னும் மிகுதி. தாயின் வயிற்றில் கடைசி வாரங்களில்தான் நுரையீரல் நன்கு முதிர்கிறது. அதற்கு முன்பே பிறந்த குழந்தை, முற்றுப்பெறாத நுரையீரலோடு உலகைச் சந்திக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இவர்களுக்குத் தனிக் கவனம் தேவை.

முன்பே உள்ள நோய்கள்

இரண்டாவது, மிக முக்கியமான காரணி, முன்பே உள்ள நோய்கள். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 48 குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். அவர்களுள் 40 பேருக்கு ஏற்கெனவே குறிப்பிடத்தக்க நோய் இருந்தது. 18 பேருக்குக் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் தரப்பட்டது. இருவர் இறந்தனர்.

பின்னர், 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த 43,465 குழந்தைகளின் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அதில் தெரியவந்தவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நீரிழிவு: இளம் வயதில் வரும் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள், அது இல்லாத குழந்தைகளைவிட நான்கரை மடங்குக்கும் சற்று மிகுதியாக மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்களாயினர். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது வெள்ளை அணுக்களின் போராற்றல் குன்றுகிறது. காய்ச்சல் வந்தாலோ சர்க்கரை மேலும் ஏறி, இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே கேடு வரலாம். ஒன்றை ஒன்று வளர்க்கும் இரு தீமைகள் இவை.

உடற்பருமன்: பருமனான குழந்தைகளுக்கு இவ்வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. வயிற்றிலும் மார்பிலும் சேர்ந்த கொழுப்பு உதரவிதானத்தை அழுத்துவதால் நுரையீரல் முழுமையாக விரிவதில்லை. தவிர, மிகுந்த கொழுப்பு உடலில் எப்போதும் ஒரு மெல்லிய அழற்சியை நிலைநிறுத்துகிறது. 'கொழுகொழு' என்று இருப்பதே ஆரோக்கியம் என்று எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். அது சரியன்று என்பதை இந்நோயும் காட்டிற்று.

பிறவி இருதய நோய்: இருதயத்தில் துளையோடும் தவறான இரத்தக் குழாய் அமைப்போடும் பிறந்த குழந்தைகளுக்கு, இருதயமும் நுரையீரலும் ஏற்கெனவே மிகுதியாக உழைத்துக் களைத்திருக்கின்றன. புதிய சுமையைத் தாங்க அவற்றிடம் மிச்ச வலிமை இருப்பதில்லை.

நரம்பு மண்டலக் குறைகள்: மூளை வளர்ச்சிக் குறையோ தசைத் தளர்ச்சியோ உள்ள குழந்தைகளால் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற முடிவதில்லை. உணவும் உமிழ்நீரும் மூச்சுக் குழாயில் இறங்கிவிடுவதும் உண்டு. குழாய் வழியே உணவு பெறும் குழந்தைகள் இவ்வகையில் மிகுந்த ஆபத்துக்குரியவர்கள்.

நாட்பட்ட நுரையீரல் நோயும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோய்களும்: புற்றுநோய் மருந்து பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பொருத்தப்பட்டோர் ஆகியோரின் உடலில் கிருமியை எதிர்க்கும் படை குறைந்திருக்கும்.

இங்கு ஆஸ்துமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 43,465 பேரிடம் மிகப் பரவலாகக் காணப்பட்ட பழைய நோய் ஆஸ்துமாதான். ஆனால் அதனால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சிறிதளவே மிகுந்தது. மருத்துவர் தந்த மருந்தை ஒழுங்காக உறிஞ்சி நோயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் குழந்தை பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. 'நலமாகத்தானே இருக்கிறது' என்று மருந்தை நிறுத்துவதே தவறு.

ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் ஆபத்தும் கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மடங்கும் எண்ணிக்கையும்

'மூன்று மடங்கு' என்று கேட்டவுடன் ஒரு தாயின் மனம் நடுங்கிவிடும். ஆகவே இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நோயில் ஆயிரம் குழந்தைகளுள் ஒருவருக்கே கடுமை வரும் என்று வைத்துக்கொள்வோம். அது மும்மடங்கானால் மூவர். மீதமுள்ள 997 பேர் அக்கடுமை இன்றியே தேறுவர். சிறிய எண்ணை மும்மடங்காக்கினாலும் அது சிறிய எண்ணாகவே இருக்கும். ஆகவே ஆபத்துக் காரணி உள்ள குழந்தையின் பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டுமேயன்றி, நம்பிக்கை இழக்கக் கூடாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. தீவிர சிகிச்சை பெற்ற 48 குழந்தைகளுள் 40 பேருக்குப் பழைய நோய் இருந்தது என்றால், எட்டுப் பேருக்கு அவ்வாறான நோய் இருக்கவில்லை என்பதும் உண்மையே. எனவே 'என் பிள்ளை திடகாத்திரமான பிள்ளை' என்று அறிகுறிகளைப் புறக்கணிப்பதும் தவறு. காரணிகள் நமக்குச் சொல்வது வாய்ப்பை மட்டுமே, விதியை அன்று.

சூழ்நிலையால் வரும் ஆபத்து

உடலில் உள்ள காரணிகளைத் தவிர, உடலுக்கு வெளியே உள்ளவையும் சில உண்டு. காலந்தாழ்த்தி மருத்துவரிடம் செல்வது அவற்றுள் முதன்மையானது. வருவாய் குறைந்த நாடுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. ஊட்டக் குறைவு, தொலைவு, பிராணவாயு வசதியின்மை ஆகியவை அங்கே நோயோடு கைகோத்துக்கொண்டன. ஒரே நேரத்தில் வேறொரு சளிக் கிருமியும் சேர்ந்து தாக்குவதும் சிறு குழந்தைகளுக்கு நோயை முற்றச் செய்யும்.

தடுப்பூசி இன்மை மற்றொரு காரணி. இந்தியாவில் 2022 ஜனவரி 3-ஆம் நாள் 15 முதல் 18 வயது வரையுள்ளோருக்கும், அவ்வாண்டு மார்ச் 16-ஆம் நாள் 12 முதல் 14 வயது வரையுள்ளோருக்கும் தடுப்பூசி தொடங்கப்பட்டது. தடுப்பூசி போட்டவருக்கும் நோய் வரலாம். ஆனால் அது முற்றும் வாய்ப்பு குறைகிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு இத்தடுப்பூசி போடுவதில்லை. ஆயினும் தாய் கருவுற்றிருக்கும்போது போட்டுக்கொண்டால், அவளுடைய எதிர்ப்பொருள்கள் சேய்க்கும் சென்று காக்கின்றன. இன்று யாருக்குத் தடுப்பூசி தேவை என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

மூச்சை எண்ணுவோம்

இவ்வளவும் அறிந்த பின், வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? இருமலும் காய்ச்சலும் உள்ள தம்பி, தங்கையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நொடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைச் சற்று உயர்த்தி, மார்பும் வயிறும் எழுந்து தாழ்வதைப் பார்க்க வேண்டும். ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழை வரலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு பின்வருமாறு:

இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை: நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயது நிரம்பும் வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தையிடம் இந்த அளவு தென்பட்டால், அது வேகமான மூச்சு, நிமோனியாவின் அறிகுறியாகலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுதல், உதடும் நாக்கும் நீலம் பாய்தல், முனகுதல், பாலோ தண்ணீரோ குடிக்க இயலாமை, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு ஆகியவை பேராபத்தின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி வீட்டில் இருந்தால், அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் மருத்துவரை நாட வேண்டும். 90-க்குக் கீழ் என்றால் நோய் கடுமையானது.

செய்யத் தகாதவையும் சில உள. சிறு குழந்தைக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்கச் செய்யக் கூடாது. நீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு. மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய நோயை வரவழைக்கலாம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் வைரஸைக் கொல்வதில்லை. ஆகவே பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக் கொடுப்பதால் பயனில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கொரோனா வந்து தேறிய இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், மிகச் சில குழந்தைகளுக்கு மீண்டும் கடுங்காய்ச்சல், உடல் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்று வலி ஆகியவை தோன்றின. இது நிமோனியாவன்று, இருதயம் முதலிய பல உறுப்புகளைத் தாக்கும் வேறொரு அழற்சி. முன்பு நல்ல உடல்நலத்தோடிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது வந்ததுண்டு. இதற்கும் உடனே சிகிச்சை வேண்டும்.

மாணவியர் கடமை

நம்மில் பெரும்பாலோருக்கு இக்கிருமி இரண்டு நாள் சளியாகவே வந்து போகும். ஆனால் நாம் இருமும் காற்றை, நம் பக்கத்தில் இருக்கும் தோழியும் சுவாசிக்கிறாள். அவள் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவளாக இருக்கலாம். அவள் வீட்டில், குறைமாதத்தில் பிறந்த தம்பி தொட்டிலில் கிடக்கலாம். நமக்கு எளிதான நோய் அத்தொட்டிலுக்கு எளிதானதாயிராது.

ஆகவே காய்ச்சல் உள்ள நாளில் வீட்டில் தங்குவது சோம்பல் அன்று. பிறருக்குச் செய்யும் உதவி. முழு வருகைக்கான பரிசு கைநழுவுமே என்று காய்ச்சலை மறைத்து வகுப்புக்கு வருவது பெருமை ஆகாது. பெற்றோரும் "பரீட்சை நேரம், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ" என்று அனுப்பாதிருக்க வேண்டுகிறோம். வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைப்போம். இருமும்போது கைக்குட்டையால் வாயை மூடுவோம். சோப்பிட்டுக் கை கழுவுவோம்.

பருமனான தோழியைக் கேலி செய்வது நம்மிடையே உண்டு. கேலி யாருடைய எடையையும் குறைத்ததில்லை. மாறாக விளையாட்டு மைதானத்திலிருந்து அவளை விரட்டியிருக்கிறது. அவளையும் நம் அணியில் சேர்த்து ஓடுவோம். மருந்து சாப்பிடும் தோழியை ஒதுக்காமல், அவள் மறந்தால் நினைவூட்டுவோம். நோயுள்ளவர்களைப் பிரித்துக் காட்டுவதற்கு இவ்வறிவு நமக்குத் தரப்படவில்லை. அவர்களோடு சேர்ந்து நிற்பதற்கே தரப்பட்டது.

முடிவுரை

கொரோனாக் கிருமி பெரும்பாலான குழந்தைகளைத் தொட்டுவிட்டுப் போயிற்று; சிலரை மட்டுமே சாய்த்தது. மிக இளைய வயது, குறைமாதப் பிறப்பு, நீரிழிவு, உடற்பருமன், இருதயம், நுரையீரல், நரம்பு ஆகியவற்றின் நாட்பட்ட நோய்கள், எதிர்ப்பாற்றல் குறைவு, காலந்தாழ்ந்த சிகிச்சை ஆகியவையே அந்தச் சிலரை அடையாளம் காட்டும் குறிகள் என்று கண்டோம். இவற்றுள் வயதையும் பிறப்பையும் நம்மால் மாற்ற இயலாது. ஆனால் உணவையும் உடற்பயிற்சியையும், மருந்தை ஒழுங்காக உட்கொள்வதையும், மருத்துவரிடம் செல்லும் நேரத்தையும் நம்மால் மாற்ற இயலும்.

வலிமை உள்ள குழந்தை தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வலிமை குறைந்த குழந்தையைக் காக்க, அதன் தாயும் ஆசிரியரும் தோழியரும் வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் தோழியர் ஒவ்வொருவரும் இன்று மாலை வீட்டிற்குச் சென்று, உறங்கும் தம்பி தங்கையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நலமாயிருக்கும்போது எண்ணிப் பழகிய கைக்குத்தான், நோய் வரும்போது வேறுபாடு தெரியும். வருமுன் காப்போம்!